செக்கு எண்ணெய்க்குப் பொய் விளம்பரம் எதற்கு?

மரச்செக்கு எண்ணெய் வியாபாரிகளுக்கு, வணக்கம்.

உங்கள் பாட்டில்களில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்ற வரி தவறாமல் இருக்கிறது. சிலர் ஒரு படி மேலே போய் "கொழுப்பே இல்லாத எண்ணெய்" என்று அச்சடித்துவிடுகிறார்கள். எண்ணெய் என்றாலே கொழுப்புதான். கிளிசரால் என்ற பொருளோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தால் அதுதான் நாம் தாளிக்கும் எண்ணெய். கொழுப்பை எடுத்துவிட்டால் வெறும் பாட்டிலைத்தான் விற்க வேண்டும். கொலஸ்ட்ராலோ விலங்குகளின் உடலில் உண்டாவது. கடலையிலும் எள்ளிலும் சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கிடையாது. நீங்கள் திட்டித் தீர்க்கும் ரீஃபைண்ட் எண்ணெயிலும்தான் இல்லை. பிறகென்ன தனிப் பெருமை?

தேங்காய் எண்ணெயில் இந்த வரி விவகாரமாகிவிடுகிறது. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்றவை, அதாவது சாச்சுரேட்டட் வகை. உணவில் நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வரியை நம்பித் தாராளமாக ஊற்றிக்கொள்வார்.

பிரிட்ஜில் உறையவைத்துக் காட்டி "சுத்தத்துக்குச் சாட்சி" என்று வீடியோ போடுவதையும் விடுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும்; நிறைவுற்ற அமிலங்களின் குணம் அது. எண்ணெய்ப் பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும், தேங்காய் எண்ணெயைப் போலவே, லாரிக் அமிலம் என்ற நிறைவுற்ற அமிலமே அதிகம், அதுவும் உறையும். கலப்படக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய, நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் அயோடின் எண் மாதிரியான ஆய்வகச் சோதனைகள் வேண்டும்.

சொல்லத் தகுந்த உண்மை உங்களிடமே இருக்கிறது. நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் லினோலிக் அமிலம். காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் அமிலம் அது. அப்படியும் நல்லெண்ணெய் மாதக்கணக்கில் சிக்கு வாடை இல்லாமல் நிற்கிறதே, எப்படி? எள்ளில் இருக்கும் செசமால், செசமோலின் போன்ற பொருட்கள்தான் காற்றுப் பட்டுக் கெடும் அந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. கருப்பட்டி போட்டு ஆட்டியதைப் பற்றி எழுதுகிறீர்கள், வாகை மரத்து உலக்கையைப் பற்றி எழுதுகிறீர்கள், இதைப் பற்றி ஒரு வரி எழுதக் காணோம்.

இனி கடலை எண்ணெய். எனக்குக் கவலையே இதில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தது. அந்தப் பூசணம் விட்ட நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. மழையில் நனைந்து சரியாகக் காயாத கடலை, சொத்தை, சுருங்கல், உடைசல் எல்லாவற்றிலும் அது இருக்க வாய்ப்புண்டு. ரீஃபைண்ட் ஆலையில் காரம் (அல்கலி) சேர்த்துக் கழுவி, நிறம் நீக்கும் மண் போட்டு வெளுக்கும்போது பெரும்பகுதி போய்விடும். உங்கள் செக்கில் அந்த வேலை கிடையாது. தெளியவிட்டு, துணியில் வடிகட்டினால் கசடு போகும். எண்ணெயில் கரைந்த நஞ்சு போகாது. செக்கு எண்ணெயில் சுத்தம் முழுக்கப் பருப்பைப் பொறுக்கும் கையில் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கழிவுப் பருப்பை வாங்கி ஆட்டுகிறவர், ரீஃபைண்ட் எண்ணெயை "விஷம்" என்று பலகை எழுதி வைக்க என்ன நியாயம்?

இன்னொன்று, பாட்டில். பளபளவென்று தெரிய வேண்டுமென்று வெள்ளை பாட்டிலில் ஊற்றிக் கடை வாசலில் வெயில் படும்படி அடுக்குகிறீர்கள். வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் கெடுக்கும். தகர டின்னோ பழுப்பு பாட்டிலோ போதும். பித்தளைப் பாத்திரம் வேண்டாம்; அதில் உள்ள செம்பு எண்ணெய் கெடுவதை இன்னும் வேகப்படுத்திவிடும்.

அடுத்த முறை லேபிள் அச்சடிக்கக் கொடுக்கும்போது கொலஸ்ட்ரால் வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ஆட்டிய தேதியையும் கடைசியாக அஃப்ளடாக்சின் சோதனை செய்த தேதியையும் போடுங்கள். சோதனைச் செலவு ஒரு சிறு செக்குக்காரருக்குப் பாரம்தான். ஒரே ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பருப்பு வாங்கும்போதே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செக்கு எண்ணெயே வாங்கும் ஒரு வாடிக்கையாளர்