செவ்வக இறக்கை மலிவு வேலை மட்டும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிற்சி விமானம் என்றாலே அதன் நேரான, மொட்டை இறக்கையைப் பழைய பாணி என்று எழுதிவிடுகிறார்கள். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ரிப் எல்லாமே ஒரே அளவு என்பதால் செலவு குறைவு என்பது சரிதான். ஆனால் கற்றுக்கொள்பவரின் உயிருக்கும் அந்த வடிவத்துக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகிறது.

மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், சுமார் 15 டிகிரி தாக்குகோணத்தை, அதாவது எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணத்தைத் தாண்டியதும், காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டாமல் பிரிந்துவிடும். இதுதான் ஸ்டால். செவ்வக இறக்கையில் இது உடலை ஒட்டிய அடிப்பகுதியில் தொடங்குகிறது. கலங்கிய காற்று வாலில் அடிப்பதால் விமானமே அதிர்ந்து எச்சரிக்கும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவும் நுனிப்பக்கத்து மடலான எய்லரானுக்கு இன்னும் பிடி இருக்கும். நுனி மிகவும் குறுகிய இறக்கையில் நுனியே முதலில் கைவிடலாம். ஒரு பக்கம் சாயும். பதறிப்போய் எய்லரானால் தூக்கப் பார்த்தால், சாய்ந்த பக்கத்தில் கீழிறங்கும் எய்லரான் அங்கே தாக்குகோணத்தை இன்னும் கூட்டும், அடுத்தது ஸ்பின், அதாவது சுழன்றபடி கீழே விழுவது. முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும், சுழலாமல் ரடரால் (காலால் இயக்கும் வால் சுக்கானால்) பிடிக்க வேண்டும்.

அதற்காகக் குறுகும் இறக்கையே ஆகாது என்றில்லை. செஸ்னா 172 பயிற்சி விமானத்தின் இறக்கை பாதி நீளத்துக்குப் பிறகு நுனியை நோக்கிக் குறுகுகிறது. ஆனால் உடலை ஒட்டிய அடிப்பகுதியில் 1.5 டிகிரி மேல்நோக்கியும் நுனியில் 1.5 டிகிரி கீழ்நோக்கியும் முறுக்கியிருப்பதால் அடிதான் முதலில் ஸ்டால் ஆகும். பைப்பர் நிறுவனமும் தன் செரோக்கி விமானத்தின் 30 அடி செவ்வக இறக்கையை, 1974-இல் வந்த வாரியர் விமானத்தில் வெளிப்பகுதி குறுகும் 35 அடி இறக்கையாக மாற்றியது.

செவ்வகம் என்றால் எப்போதும் சாது என்றும் சொல்ல முடியாது. 1978-இல் வந்த பைப்பர் டோமஹாக் செவ்வக இறக்கைதான், ஆனால் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம் வேறு. அதன் இறக்கை முன்விளிம்பில் கூடுதல் ஸ்டால் பட்டைகள் (பொருத்திய இடத்தில் காற்றை முதலில் பிரியவைப்பவை) பொருத்தச் சொல்லி 1983-இல் அமெரிக்க விமானத் துறை உத்தரவிட்டது. விரல் கனத்தில் ஒரு முக்கோணப் பட்டை, அவ்வளவுதான்!

ஆகவே ஸ்டால் பயிற்சியில் விமானம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால், ரடரை மிதிக்கும் மாணவரின் காலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் ஸ்லிப் பந்து நடுவில் இருந்ததா, இரு டாங்கிலும் எரிபொருள் சமமா என்று முதலில் பார்க்கலாம். பிறகு முன்விளிம்பில் ஒடுக்கு உண்டா, பட்டை பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். செஸ்னாவானால், இறக்கையின் பின் ஸ்பாரை (நீளவாட்டுத் தாங்குசட்டத்தை) உடலோடு இணைக்கும் போல்ட்டில் உள்ள, இறக்கையின் கோணத்தைச் சரிசெய்யும் மையம் விலகிய புஷ் (துளை நடுவில் இல்லாத வளையம்), இறக்கையைக் கழற்றி மாட்டியபோது இடம் மாறியிருக்கலாம். அதைப் பராமரிப்புக் கையேட்டின்படி அளந்துதான் திருப்ப வேண்டும், கண் மதிப்பில் அல்ல.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்