சுல்தானுக்கு வலப்பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. வேலை இருக்கும், சரி.

நீ இருக்கும் இஸ்தான்புல்லைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடிப் படிக்கிறேன். தோப்காபி அரண்மனையின் வெளிவாசலில் நின்று படம் அனுப்பினாயே, அதன் வழியாகத்தான் அந்தக் காலத்தில் துருக்கி சுல்தான் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் குதிரையில் புறப்படுவாராம். கூடவே பெய்க்குகள் என்ற காவலர்கள் நடப்பார்கள். தலையில் தங்க முலாம் பூசிய தொப்பி, கையில் கோடரி. ஒரு காலத்தில் சேதி சுமந்து ஓடியவர்கள் அவர்கள். அப்புறம் சோலாக்குகள். சுல்தானின் சொந்தக் காலாட்படையான ஜானிசரிப் படையிலிருந்து பொறுக்கியெடுத்த வில்லாளிகள், 400 பேர். தொப்பி மேல் விசிறி போல விரிந்த உயரமான இறகு. அந்த இறகுகளுக்கு நடுவே போகிற சுல்தான் வெளியே நிற்பவர்களுக்குச் சரியாகவே தெரியமாட்டாராம். ஆற்றைக் கடந்தால் இவர்களும் குதிரையோடு தண்ணீரில் இறங்குவார்களாம். 1826-ல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையைக் கலைத்தார், அதன் பிறகு சோலாக்குகளும் போனார்கள்.

சோலாக் என்றால் துருக்கி மொழியில் இடக்கைக்காரன். சுல்தானுக்கு வலப்பக்கம் நடப்பவர்கள் இடக்கையால் நாண் இழுப்பார்களாம், அவருக்கு முதுகு காட்டக் கூடாது என்பதற்காக. இந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

போன மாதம் உன் சின்னவன் போனில் படம் வரைந்து காட்டினான். உன்னைப் போலவே வரைகிறான், பெருமையாக இருந்தது. நான் "கையை மாத்துடா" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டாய். பெரியவன் நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அன்றைக்கு எனக்கும் கோபம்தான்.

உன் இரண்டாம் வகுப்பில் உன் இடக்கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டினேன். பீச்சாங்கை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ அழவில்லை. வலக்கையில் பலப்பத்தைப் பிடித்து நீ எழுதிய 'அ' கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி விழுந்தது. அதையும் எச்சில் தொட்டு அழித்தேன். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியாராக இருந்துகொண்டு உனக்கு அதைச் செய்தேன். தப்பு, தம்பி.

சின்னவன் எந்தக் கையால் வேண்டுமானாலும் வரையட்டும். வெளியே போகும்போது அவனுக்கும் காதை மூடிவிடு. ஞாயிறு சாயங்காலம் 6 மணியிலிருந்து போன் என் பக்கத்திலேயே இருக்கும்.

அப்பா