மேடையும் பாடத்தின் பகுதியே

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகக் கலைத் துறைகளின் பாடத்திட்டம் குறித்து விரிவாகப் பேசிய தங்கள் நாளிதழ்க் கட்டுரை, மாணவர்கள் எத்தகைய அரங்கில் பயில்கிறார்கள் என்பதைத் தொடாமல் விட்டது.

பட்டமளிப்பு விழா, கருத்தரங்கு, கச்சேரி, நாடகம் அனைத்துக்கும் ஒரே பல்நோக்கு அரங்கம் போதும் என்ற எண்ணம் நிர்வாகங்களிடம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்க, அரங்கில் எதிரொலி ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் அடங்கிவிட வேண்டும். பெரிய வாத்தியக் குழுவின் இசைக்கோ அது இரண்டு விநாடி வரை நீடித்தால்தான் நிறைவு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை 1895-இல் ஆராயத் தொடங்கிய இயற்பியலாளர் வாலஸ் சபைன், ஒலியை உறிஞ்சும் இருக்கை மெத்தைகளை வேறோர் அரங்கிலிருந்து இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்துதான் அரங்க ஒலியியலுக்கு அடித்தளமிட்டார். நூற்றாண்டு கடந்த பின்னும், ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதே பலருக்குத் தெரிந்த தீர்வு!

நடன மாணவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. சிமென்ட் தளத்தில் நேரடியாக ஓடு பதித்த மேடையில் நாள்தோறும் குதித்து ஆடுபவரின் முழங்காலும் கணுக்காலும் தாங்கும் அதிர்ச்சியை, அடியில் இடைவெளி விட்டுச் சட்டங்களின்மேல் அமைத்த மரத்தளம் ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும்.

மேடை விளக்கையும் திரையையும் மாணவர் விழா நாளன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். வேதியியல் மாணவருக்கு ஆய்வகத்தைத் தேர்வன்று மட்டும் திறந்துவிட்டால் ஏற்போமா? புதுக் கட்டடத்துக்கு நிதி இல்லாவிடினும், எதிரொலியைக் குறைக்கத் தேவைக்கேற்ப இழுத்துவிடக்கூடிய கனத்த திரைகளைச் சுவரோரம் அமைப்பதும், வாரத்தில் சில மணி நேரத்தை ஒத்திகைக்கென அட்டவணையிலேயே ஒதுக்குவதும் இக்கல்வியாண்டிலேயே செய்யக்கூடியவை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்