அக்கா பொய் சொல்லவில்லை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அப்பா எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. ஆனால் சின்ன வயதில் நீ மாடிப்படியில் உருண்டு விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது அப்பாவா மாமாவா என்று அக்காவோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறதே, அது எனக்குத் தாங்கவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

மூளை நடந்ததைப் படமெடுத்து வைப்பதில்லை. பார்த்தது, கேட்டது, பயந்தது எல்லாம் தனித்தனி இடங்களில் கிடக்கும். ஒரு துணுக்கு கிடைத்தால் மூளையின் உள்ளே ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி மற்றவற்றையும் கூட்டி வரும். வருஷக்கணக்காக மறந்துபோனது ஒரு வாசனையில் சட்டென்று திரும்பி வருவது இப்படித்தான். விட்டுப்போன இடத்தை அதே மூளைதான் யூகித்தும் நிரப்புகிறது, எது நடந்தது எது நிரப்பியது என்று நமக்கு உள்ளே எந்த அடையாளமும் தெரிவதில்லை.

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும் சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், 'நொறுங்கிய' கேள்வியைக் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள், மற்ற 50 பேரில் 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! கேள்வியில் இருந்த ஒரே ஒரு சொல் செய்த வேலை.

2000இல் மூளை ஆய்வாளர்களான கரீம் நாடெர், லெடூ குழுவினர் எலிகளிடம் கண்டது இன்னும் ஆச்சரியம். பழைய பயத்தை நினைவூட்டிவிட்டு, நினைவு பதியத் தேவையான புதுப் புரதம் மூளையில் உருவாவதைத் தடுக்கும் மருந்தை, பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியில் செலுத்தினார்கள்; மறுநாள் பார்த்தால் அந்தப் பயம் பெரிதும் குறைந்துபோயிருந்தது. நினைவூட்டாமல் அதே மருந்தைக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. அதாவது, வெளியே எடுத்த நினைவு கொஞ்ச நேரம் இளகிக் கிடந்து திரும்பவும் உறைய வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வேறொருவர் சொன்னதும் அதில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நான் நினைக்கிறேன், நீங்கள் இருவரும் இந்தக் கதையை எத்தனை முறை வெளியே எடுத்திருப்பீர்கள்!

சரி, ஒன்று செய். அப்பாவிடம் "நீங்கள்தானே தூக்கினீர்கள்?" என்று கேட்காதே, "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. அதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டுப் பேசிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்