செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, வந்திருக்கும் பதினெட்டு உறுப்பினர்களே, வராமல் பிறகு குறை சொல்லப்போகும் நாற்பத்தொரு பேரே, வணக்கம்.

ஆடியில் கூழ் ஊற்றினோம். நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவில் நின்ற தண்ணீரை வாடகை மோட்டார் வைத்து இறைத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. அதன் நோட்டீசில் செயலாளர் பெயர் விடுபட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து, நான் தொடங்கிய ‘ஞாயிறு பேச்சு’. ஐந்து நடந்தன. நான்காவதன் தலைப்பு, ‘தொட்டதற்கெல்லாம் மனம் புண்படும் காலமா இது?’ காரணம் இருந்தது. சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றிரவே மூன்று பேர் வெளியேறினார்கள். 2022 முதல் இப்படிப் போவது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிக்கப்படுகிறது என்பதால் அந்தத் துக்கத்தை நான் ஒருவனே சுமந்தேன்.

நம் வழக்கறிஞர் உறுப்பினர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை விளக்கினார். இணையத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே சிறை என்ற அந்தப் பிரிவை, ‘எரிச்சல்’ என்பதற்கு எல்லையே இல்லை என்று 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் குழுவில் அது இன்னும் அமலில் இருக்கிறது என்றேன். நன்றாகச் சிரித்தார்கள்.

பிறகு கடைசி வரிசையில் இருந்த அக்கா எழுந்தார். “அந்தக் காலத்தில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை என்கிறீர்களே ஐயா. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவைச் சாதி சொல்லிக் கூப்பிட்டபோது அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். முறைத்திருந்தால் மறுநாள் கூலி இல்லை. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சும்மாவா வந்தது?”

என்னிடம் பதில் இல்லை. அறிக்கையில் அதை மறைக்கவும் மனமில்லை. ஆனாலும் அந்த வலியையும், மாதம் ஐம்பது ரூபாய் கேட்டதால் சிலருக்கு வந்த வலியையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. அக்கா சந்தாவை முழுதும் கட்டியவர்.

ஐந்தாம் கூட்டத்தின் நன்றியுரையில் மைக் செட் கொடுத்தவரின் பெயரை மறந்துவிட்டேன். ஆறாவது கூட்டத்துக்கு மைக் வரவில்லை, கூட்டமும் நடக்கவில்லை. அவருக்கு இப்போது நன்றி. கூழுக்குக் கேழ்வரகு தந்தவர்களுக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும் நன்றி.

வரவும் செலவும் ஏறக்குறைய நேராகின்றன. பொருளாளர் மகள் கல்யாண வேலையில் இருப்பதால் விவரம் பின்னர் வரும்.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம். வற்புறுத்தினால் யோசிக்கலாம், வற்புறுத்துபவர் சந்தா கட்டியவராக இருக்கவேண்டும். பாக்கிப் பட்டியலை இம்முறை வாசிக்கவில்லை. என் சட்டைப்பையில் இருக்கிறது. டீ குடித்தபின் தனியாக வந்து கேட்கலாம். ரசீதுப் புத்தகமும் கொண்டுவந்திருக்கிறேன்.