பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வளரிளம் பருவத்தினரை நாங்கள் கவனிப்பதில்லை என்று குறைகூறுவோர், மலையில் உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வந்து பார்க்க வேண்டும். தடுப்பூசி, கர்ப்பிணிகள் பரிசோதனை, பதிவேடுகள் அனைத்துக்கும் ஒரே அறைதான். உள்ளே பேசுவது வாசல் பெஞ்சில் இருப்பவர் காதில் விழும். அவர் பெரும்பாலும் வந்திருக்கும் பிள்ளைக்கு உறவினராகவே இருப்பார்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலைவலி மாத்திரை கேட்டு ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் பெஞ்சில் அவளுக்கு அத்தை முறையாகும் ஒருவர் இருந்தார். நான்காம் முறை, தண்ணீர் பிடிக்கக் குடத்தைக் கொடுத்துக் கட்டடத்தின் பின்புறம் அழைத்துப் போனபோதுதான், "மூணு வாரமா நிக்கவே இல்லை நர்ஸம்மா" என்று மாதவிடாய்ப் போக்கைப் பற்றித் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கீழிமையை விலக்கிப் பார்த்தேன், சிவப்பே இல்லை; ரத்தம் அவ்வளவு குறைந்திருந்தது. அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பி வைத்தோம், பிழைத்துக்கொண்டாள். அந்த மூன்று தலைவலி மாத்திரைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

மத்திய அரசு 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்குத் தனி ஆலோசனையையும் ரகசியக் காப்பையும் வலியுறுத்துகிறது. ஆனால் புறநோயாளிகளைப் பார்க்கும் காலை நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். பள்ளி விட்டால் ஊருக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். பையன்களோ அது தாய்மார்களுக்கான இடம் என்று படியேறுவதே இல்லை.

இதைவிடக் கடினமானது சட்டம் பற்றிய அச்சம். 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தால் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டம். அது பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் 17 வயதில் மணமுடிக்கப்பட்டுக் கருவுற்ற பெண், வழக்குக்குப் பயந்து ஐந்தாறு மாதம் வரை எங்கள் கண்ணில் படாமல் ஒளிந்திருப்பதை என்ன செய்வது? கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவளுடைய பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நான் இதைச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். துறையில் எவரும் எனக்கு விளக்கியதில்லை.

சேலம் மாவட்ட சுகாதாரத் துறையை வேண்டிக்கொள்கிறேன். மலையிலுள்ள ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் ஒரு தடுப்புச் சுவரும் தாழ்ப்பாள் உள்ள கதவும் அமைத்து, வாரத்தில் ஒரு மாலையாவது அதை வளரிளம் பருவத்தினருக்கென ஒதுக்க வேண்டும். எதை, யாரிடம், எவ்வளவு தெரிவிக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பக்கச் சுற்றறிக்கையாக அச்சிட்டு, வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் ஒவ்வொரு செவிலியருக்கும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு.