நீஸ் நகருக்குக் குளிர்காலம்தான்

ஆசிரியருக்கு,

சுற்றுலா இணைப்பில் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை பற்றிய கட்டுரை நன்று. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் போகச் சொல்லியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வெயில் நமக்கு என்ன புதிதா?

அந்தக் கடற்கரையில் இருக்கும் நீஸ் நகரம் வளர்ந்ததே குளிர்காலத்தை நம்பித்தான். லண்டன் குளிருக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர்கள் 1820களில் பணம் போட்டுப் போட வைத்த கடலோர நடைபாதைதான் இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் 'குளிர்கால ஓய்வு நகரம்' என்றுதான். பிப்ரவரியில் போனால் பக்கத்து ஊரான மான்தோனில் எலுமிச்சைத் திருவிழாவும் பார்க்கலாம். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பழைய நகரச் சந்தையில் கிடைக்கும் 'சொக்கா' என்ற பலகாரத்தைத் தவறவிடக் கூடாது. கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, விறகு அடுப்பில் பெரிய தட்டில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஓரம் முறுகலாக இருக்கும்; சூடு ஆறினால் ருசி போய்விடும். கடற்கரையில் மணலைத் தேடாதீர்கள், அத்தனையும் கூழாங்கல்.

சரி, அங்கேயே குடியேறலாமா? கட்டுரை அதை ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டது. வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போவதால் உள்ளூர்க்காரர்களே வீடு கிடைக்காமல் அல்லாடுகிறார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பயணிகளுக்கு விடுவதை ஆண்டுக்கு 120 நாளிலிருந்து 90 நாளாகக் குறைக்க, 2024 நவம்பரில் வந்த பிரெஞ்சுச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அடுத்த கட்டுரையில் இதையும் எழுதச் சொல்லுங்கள்.

- வாசகர், புதுச்சேரி